கைடு யாரு மாப்ள?

சமயநல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் கண்மாய் வரலாறுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. எழுத்து ஆதாரம் அதிகம் கிடைக்காததால் ஊரார் வாய்மொழியை நம்பிப் போனேன். எல்லோரும் டீக்கடையில் இருந்த ஒருவரையே கைகாட்டினார்கள். சாயம் பூசிய மீசை, கசங்காத வெள்ளைச் சட்டை. பேசும் முன் என் செல்போனைத் தன் பக்கம் இழுத்து, பதிவாகிறதா என்று பார்த்துக்கொண்டார். இந்தத் தேர்ச்சி எங்கிருந்து வந்தது என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

"கைடு யாரு மாப்ள?" என்றுதான் ஆரம்பித்தார். சொன்னேன். கண்மாயை வெட்டியது ஜமீன்தான் என்று சரளமாகப் பேசினார். என் கைடின் கருத்தும் அதுவே! துள்ளிக்கொண்டு பல்கலைக்கழகம் திரும்பினால், சீனியர் அக்கா சிரிக்கிறார். அவருடைய ஆய்வேட்டில் இதே மனிதர், அதே கண்மாயை ஊர்க்காரர்களே வெட்டியதாகச் சொல்லியிருந்தார்.

மறுநாளே போய் நின்றேன். "என்னண்ணே, ஆளுக்கொரு வரலாறா? என் அத்தியாயமே போச்சு!"

"கோவிக்காத மாப்ள. அந்தப் பாப்பாவோட கைடுக்கு ஊர்க்காரங்க வெட்டுனாத்தான் பிடிக்குமாம். அம்புட்டுத் தூரம் வந்த புள்ளைய வெறுங்கையோடவா அனுப்புறது?"

"அப்ப நெசம் எது?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எம்புட்டோ பேரு வந்தாக. இதக் கேட்ட மொத ஆளு நீதான். போனை ஆன் பண்ணு."

கண்மாய் வெட்ட வெளியூரிலிருந்து கூட்டி வரப்பட்டு, மண் சரிந்து செத்தவர்களைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கினார். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த 'மொத ஆளு' பட்டத்தை எனக்கு முன்னால் எத்தனை பேருக்குக் கொடுத்தாரோ, தெரியவில்லை.