சிவப்புப் புடவையும் பெங்களூர் விமானமும்

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், பிரசவ நாள் நெருங்கியபோது, தன் அம்மாவுக்கு விமான டிக்கெட் போட்டு அனுப்பினாள். எனக்குக் கரும்பு வெட்டு இருந்ததால் நான் போகவில்லை. எங்கள் ஊர் கரியமாணிக்கத்திலிருந்து நாங்கள் பெங்களூர் போவதென்றால், விழுப்புரத்தில் பஸ் பிடித்து, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று ஒரு பகல் முழுக்கக் குலுங்கிக்கொண்டு போவோம். புதுச்சேரியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் என்றேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"அவ்ளோ சீக்கிரம் போய் இன்னா பண்றது? புள்ளை இன்னும் பொறக்கவேயில்லையே" என்றாள்.

பிறகு அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். பெங்களூர் மேற்கே இருக்கிறது. விமானமும் மேற்கே போகும். அப்படியானால் நம் நிலத்துக்கு மேலேதான் போயாக வேண்டும். நான் அங்கே நின்று அவளுடைய சிவப்புப் புடவையை ஆட்டினால் பார்த்துக்கொண்டே போவாளாம். அவ்வளவு உயரத்திலிருந்து மனிதர்கள் தெரிய மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"கீழேருந்து நமக்குப் பிளேன் தெரியுதில்ல? அங்கேருந்து நாம மட்டும் தெரிய மாட்டமா?"

சரி, ஆட்டுகிறேன் என்றேன்.

கிளம்பும் நாளன்று மதியம் அவளுடைய தம்பி அவளைக் காரில் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனான். நான் புடவையோடு மோட்டார் கொட்டகையின் மேல் ஏறினேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். சொன்னதும் அரிவாளைப் போட்டுவிட்டு, அவர்களும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வரப்பில் வரிசையாக நின்றார்கள். கை பழகட்டும் என்று ஒரு தடவை எல்லாருமாக ஆட்டிப் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் வந்த டவுன் பஸ் நின்றுவிட்டது. சிவப்புத் துணியைப் பார்த்து டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார். கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னா பெரியவரே, பாலம் கீலம் ஒடஞ்சிடுச்சா?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்தார். பஸ்ஸில் ஒருவர் மட்டும் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று சத்தம் போட்டார். மற்றவர்கள், எவ்வளவோ காத்திருந்தாயிற்று, பிளேன் போகட்டும் என்று அவரை உட்கார வைத்தார்கள்.

விமானம் வந்தது. ஆனால் எங்கள் பக்கம் வரவில்லை. தூரத்தில், வடக்கே வில்லியனூர்ப் பக்கமாக, மைனா அளவில் தெரிந்து மேகத்துக்குள் போய்விட்டது. ஆனாலும் எல்லாரும் விடாமல் கைகாட்டினோம். கோர்ட்டுக்குப் போகிறவரும் காட்டினார்.

பஸ் புதுச்சேரி போய்ச் சேர்ந்திருக்குமோ என்னவோ, பெங்களூரிலிருந்து போன் வந்துவிட்டது.

"பாத்தேங்க, நல்லாத் தெரிஞ்சீங்க" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். உடனே அது மாறியது. "ஆனா செவப்பு எடுக்கச் சொன்னா, எதுக்கு அந்தப் பச்சைய எடுத்தீங்க?"

எந்த ஊரில் எவர் பச்சைப் புடவையைக் காயப்போட்டாரோ தெரியவில்லை. தவறுதலாக எடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பேத்தி பிறந்து, ஊர் திரும்பும்போது பஸ்ஸில்தான் வருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். விமானத்தில் முறுக்கு டப்பாவைத் திறப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்களாம்.