மோட்டார் ரம்பமும் மடித்த வேட்டியும்

அறுபதுகளின் கடைசியில், கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோவிலுக்கு ஒரு மோட்டார் ரம்பம் வந்தது. விடுமுறைக்குச் சொந்த நாடு போன வெள்ளைக்காரச் சாமியார் திரும்பும்போது கொண்டுவந்தது. கோவில் விடுதிச் சமையலுக்கு விறகு அறுப்பது அப்பாவின் வேலை என்பதால், அது அவர் கைக்கு வந்தது.

பிடியிலிருந்து கையை எடுக்கக் கூடாது, கிட்டே யாரும் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் அப்பா ஒரே நாளில் கற்றுக்கொண்டார். வேட்டி கூடாது என்பதுதான் இடித்தது. தொங்கும் துணியை ரம்பத்தில் சுழலும் பற்சங்கிலி இழுத்துக்கொள்ளுமாம். சாமியார் தன் பழைய கால்சட்டையைக் கொடுத்தார். அதற்குள் இரண்டு அப்பாக்கள் நுழையலாம். "தொர வர்றாரு, வழி உடுங்கடா" என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. அண்ணன் எதிரே வந்தால் தம்பி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் மரியாதை. கால்சட்டையில் எதை இறக்குவது? பழக்கத்தில் அப்பாவின் கை இடுப்புக்குப் போய், பிடிக்கத் துணி இல்லாமல் திரும்பியது.

"குழாய மாட்டிக்கினா அண்ணன் கண்ணுக்குத் தெரிய மாட்டானா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சாமியார் ஊரில் இல்லாத ஒரு நாள் அப்பா வேட்டியோடு வேலைக்குப் போனார். நான் மதியச் சோறு கொண்டுபோயிருந்தேன். புளியங்கட்டை பாதி அறுபட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா கோவில் வளாகத்துக்குள் வந்தார். அவர் நிலத்துக்கு அதுதான் குறுக்கு வழி. ரம்பம் ஓடிக்கொண்டிருக்க, அப்பாவின் இடது கை தன்னால் பிடியை விட்டு இடுப்புக்குப் போனது. இறங்கிய வேட்டியைச் சங்கிலி கவ்வியது. ஒரு முழம் துணியை விழுங்கிய பிறகே இயந்திரம் அடைத்து நின்றது. அதற்குள் தொடை கிழிந்திருந்தது. அப்பா செத்துப்போவார் என்று நினைத்து நான் அலறினேன். பெரியப்பா ஓடிவந்து தன் துண்டால் காலை இறுக்கிக் கட்டினார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பதினோரு தையல் போட்டார்கள். "உன் மரியாதைய யார்றா கேட்டா? அந்தக் குழாய மாட்டிக்கினே வேல செஞ்சா என்னா?" என்று பெரியப்பா கட்டில் பக்கத்தில் நின்று கத்தினார். கேட்டவரே அவர்தான்.

காயம் ஆறியதும் அப்பா கால்சட்டையோடு மறுபடி ரம்பத்தை எடுத்தார். ஆனால் அண்ணனைக் கண்டால் அவர் கை இன்னும் தன்னால் இடுப்புக்குத்தான் போனது. ரம்பம் ஓடும் நேரத்தில் அந்தக் குறுக்கு வழியில் வருவதைப் பெரியப்பா விட்டுவிட்டார். சத்தம் கேட்டால் கோவில் வாசல்வரை வந்திருந்தாலும் திரும்பி, அந்த வெயிலில் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார். தம்பி முகத்தில் விழிக்க இன்னும் பிடிக்கவில்லை அவருக்கு என்று அப்போது நினைத்தேன். அந்த வருடம் முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.