வின்னியின் கேஜ்

மாரிகுப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில், எங்கள் பெட்டியில் எல்லோரும் தூங்குவார்கள். வின்னி மட்டும் வாயை அசைத்துக்கொண்டே வருவாள். ஜெபம் செய்கிறாள் என்று நம்பி ஆறு மாதம் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வெளிநாட்டு சூப்பர் ஹீரோ தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறாளாம், வார்த்தை உதட்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறாளாம்.

“பறக்கறவனுக்கு வசனம் இன்னாத்துக்கு?” என்று கேட்டேன்.

“பறக்கறப்போ வேணாங்க்கா. கீழ எறங்கி வூட்டுக்கு வர்றான் பாருங்க, அப்போதான் வேணும்.”

அவளைப் பேச்சில் ஜெயிக்க முடியாது.

ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அவள் வீடு. அப்பா ஏனோக், எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதில் வேலை பார்த்தவர். எட்டு வருஷம் மற்றவர்கள் பேருக்கு எழுதிக் கொடுத்த வின்னிக்கு, இந்த வருஷம்தான் ஒரு சீசன் முழுக்கத் தன் பேரில் கிடைத்தது. எட்டாவது எபிசோடில் வம்பு வந்தது.

காட்சி இதுதான். நகரத்தையே காப்பாற்றிவிட்டு வந்த நாயகன், சமையலறையில் நிற்கும் அம்மாவிடம், நான் இன்னும் கேஜில்தான் இருக்கிறேன் என்கிறான். ஆங்கிலத்தில் அது கூண்டு. தன் சக்தியே தன்னை அடைத்து வைத்திருக்கிறது என்கிறான். எங்கள் ஊரிலோ கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கி, ஷிஃப்ட் முடிந்ததும் மேலே கொண்டுவரும் இரும்புப் பெட்டி. கேஜ் ஏறிவிட்டார், அதாவது பத்திரமாக மேலே வந்துவிட்டார் என்று கேட்டால் வீட்டில் உலை வைப்பார்கள். வின்னியின் கையும் அந்தப் பழக்கத்தில் ஓடிவிட்டது. மகனுக்குக் ‘கேஜ் ஏறிட்டேம்மா’ என்றும் அம்மாவுக்கு ‘அப்பாடா’ என்றும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஒலிப்பதிவுக் கூடமே சிரித்தது. டைரக்டர் பிரதாப் மட்டும் சிரிக்கவில்லை. “மதியத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா மிச்ச எபிசோடெல்லாம் வேற ஆளுக்குத்தான்,” என்றார்.

ரயிலில் வின்னி இதைச் சொன்னபோது எனக்குச் சிரித்தவர்கள் மேல் பற்றிக்கொண்டு வந்தது. வின்னிக்கு வரவில்லை. தப்பு தப்புதான் என்றாள். கூண்டு என்று மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. அவள் அதைச் செய்யாமல், சத்தத்தை அணைத்துவிட்டுக் காட்சியை நாலு தடவை ஓட்டிப் பார்த்தாள். நாயகன் அழவில்லை. தட்டை இழுத்து வைத்துச் சாப்பிடுகிறான், அம்மா கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறான். முதல் எபிசோடில் ஓயாமல் பெருமையடித்தவன். ஒவ்வொரு சண்டைக்கும் பேச்சு குறைந்து குறைந்து, இங்கே வந்து நிற்கிறான். கூண்டு என்று விளக்கிச் சொல்ல அவனுக்கு இப்போது தெம்பில்லை. இவனை எனக்கு நன்றாகத் தெரியும் என்று வின்னிக்குத் தோன்றியது.

மாற்றி எழுதினாள்: ‘வீட்டுக்கு வந்துட்டேம்மா. இன்னும் மேல வரல.’

பிரதாப் இரண்டு தடவை படித்தார். “வானத்துல பறக்கறவன் மேல வரலன்னு சொல்வானா?”

“அதான் சார் விஷயம். பேசவச்சுப் பாருங்க.”

நாயகனுக்குக் குரல் கொடுக்கும் ஷெர்வின் பேசினான். உதடு அச்சாகப் பொருந்தியது. அம்மாவுக்குக் குரல் கொடுக்கும் மங்கம்மா, தன் முறை வந்ததும் வசனத்தை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. பிரதாப் மிச்ச எபிசோடுகளின் காகிதங்களை வின்னி பக்கம் நகர்த்தினார்.

“இந்த வரிய எங்கேருந்து புடிச்சீங்க?”

“எங்கப்பாகிட்டருந்து சார்.”

“அவ்ளோ நல்லா பேசுவாரா?”

“மைன்ஸ் மூடி வூட்டுக்கு வந்ததுலேருந்து அதப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல சார். அதான் நான் எழுதினேன்.”