புளியங்கொட்டை தேங்காத வெள்ளிக்கிழமை

மதுரையில் ஒரு கோடைப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு அம்புக்குறிப் பைத்தியம் பிடித்திருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. தேனிக்குத் தெற்கே கூடலூர்ப் பக்கம் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். பயிற்சி என்றால் டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும், கொஞ்ச நாள் வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கலாம் என்றுதான் பஸ் ஏறினேன். அங்கே சென்னையிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார். அணையில் தண்ணீர் ஏறினால் மதகைத் திறக்கிறார்கள், திறந்தால் தண்ணீர் இறங்குகிறது, இறங்கினால் மதகை மூடுகிறார்கள், மறுபடி ஏறுகிறது. எதையும் தனியாகப் பார்க்காதீர்கள், ஒன்று இன்னொன்றைத் தள்ளி அது எப்படிச் சுற்றித் திரும்பி வருகிறது என்று பாருங்கள், நடுவில் எவ்வளவு தாமதம் என்று பாருங்கள் என்றார். அதற்கு அமைப்புச் சிந்தனை என்று பெயராம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்ததும் முதல் பலி என் மனைவி. குழம்பில் உப்பு ஏன் கூடிப்போகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினேன். நான் உப்புக் குறைவு என்கிறேன், அவள் கூடப் போடுகிறாள், குழம்பு வற்றுவதற்கு ஆகும் நேரத்தை இரண்டு பேரும் மறந்துவிடுகிறோம், ஆக யார் மேலும் குற்றம் இல்லை, குற்றம் அமைப்பில் இருக்கிறது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லா அம்பும் போட்டு முடிச்சதும் ரேஷன் கடைப் பக்கமா ஒரு அம்பு போடுங்க. மண்ணெண்ணெய் இன்னைக்குத்தான் ஊத்துறாக" என்றாள்.

தலைமையாசிரியரிடம் அதே படங்களைக் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இடியாப்பம் மாதிரி இருக்கே சார். பிள்ளைகளுக்குச் செரிக்குமா?" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். ஒன்பதாம் வகுப்பின் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடை எனக்குக் கொடுத்தார். அதுவரை அது நன்னெறி வகுப்பு. நன்னெறி போதிக்க யாரும் முன்வராததால் பையன்கள் அந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பீரியட் மேல் கணக்கு வாத்தியாருக்கு வெகு நாளாக ஒரு கண். தனக்கு வரவேண்டியதை நான் தட்டிப் பறித்ததாக நினைத்தார். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் எனக்குத் தண்ணீர்ப் பானையைக்கூட நகர்த்தித் தரமாட்டார்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒரு விளையாட்டை எங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றினேன். ஒரே பெஞ்சில் நான்கு பையன்கள். முதல் பையன் குமுளியில் காய்கறிக் கடை வைத்திருப்பவன். அடுத்தவன் அவனுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் ஜீப் வியாபாரி. அதற்கடுத்தவன் தேனியில் கமிஷன் கடை. கடைசியில் விவசாயி. புளியங்கொட்டைதான் தக்காளி. நான் வாடிக்கையாளர். இவ்வளவு வேண்டும் என்று கடைக்காரனிடம் மட்டும் ஒரு சீட்டு நீட்டுவேன். அவன் தன் தேவையை எழுதி ஜீப்புக்குக் கொடுக்க, ஜீப் கமிஷன் கடைக்கு, கமிஷன் கடை விவசாயிக்கு. கேட்ட சரக்கு கைக்கு வர இரண்டு சுற்று ஆகும். யாரும் வாயைத் திறந்து பேசக்கூடாது. விதி இவ்வளவுதான்.

நடுவில் ஒரு தடவை மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பேன். பிறகு அதே அளவில் நின்றுவிடுவேன். ஆனால் பெஞ்சில் கலவரம் தொடங்கிவிடும். சரக்கு வரவில்லையே என்ற பயத்தில் ஒவ்வொருவனும் அடுத்தவனிடம் இரண்டு பங்கு கேட்பான். விவசாயி மாய்ந்து மாய்ந்து விளைவிப்பான். எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும்போது வாங்க ஆள் இருக்காது. முதல் தடவை ஆடியபோது விவசாயிப் பையன் புளியங்கொட்டைக் குவியலுக்கு நடுவில் அழுதே விட்டான். கமிஷன் கடைக்காரன்தான் ஏமாற்றினான் என்று ஜீப்காரன் அவன் சட்டையைப் பிடித்தான். எனக்குப் பரம ஆனந்தம்.

"ஏலே, யாரையும் திட்டாதீக. நாலு பேருமே ஒழுங்காத்தான் நடந்தீக. ஒருத்தன் தேவை ஒருத்தனுக்குத் தெரியல, அதான் இந்தக் கூத்து. திட்டணும்னா அமைப்பைத் திட்டுங்க" என்றேன்.

இந்தப் பாடம் அவர்களுக்கு உடனே பிடித்துவிட்டது. திங்கட்கிழமை தாமதமாக வந்தவன் ஒருவன், "பஸ் லேட்டு சார், அமைப்பைத் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு நேராகப் போய் உட்கார்ந்தான்.

உண்மையைச் சொன்னால், அந்த ஒரு பீரியடுக்காகத்தான் நான் வாரம் முழுவதும் வாழ்ந்துகொண்டிருந்தேன். ஆக்சிஜன் தயாரித்தலையும் தவளையின் இதயத்தையும் எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருப்பது? அதனால், கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார், இந்தப் புதிய வகுப்பைப் பார்த்துத்தான் அதைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார் என்று தலைமையாசிரியர் சொன்னதும், எந்த நாள், எந்த நேரம் என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டேன். அதிகாரிக்குப் பிடிக்காவிட்டால் பீரியட் கணக்குக்குப் போய்விடும்.

அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், விளையாடப்போகும் நான்கு பையன்களைக் கூப்பிட்டு வைத்து ஒரு வீர உரை ஆற்றினேன். "நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாக. என் மானம் உங்க கையிலதான் இருக்கு. எப்படியாவது காப்பாத்துங்க" என்றேன். பையன்கள் தலையாட்டினார்கள். அப்படித் தலையாட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. வகுப்பின் பின்பலகையில், தக்காளித் தேக்கம் எப்படி ஏறி இறங்கும் என்று ஒரு பெரிய வரைபடத்தை முன்கூட்டியே வண்ணச் சாக்குக் கட்டியால் வரைந்து, மேலே ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டு மூடி வைத்தேன். விளையாட்டு முடிந்ததும் வேட்டியை உருவ வேண்டும், நடந்தது அப்படியே படத்தில் இருப்பதைப் பார்த்து அதிகாரி அசந்துபோக வேண்டும் என்பது திட்டம். புதுமாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு கனவு இருந்திருக்காது.

மறுநாள் நான்கு பையன்களும் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். வியாபாரி வேஷமாம். இதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லையே, என்ன ஈடுபாடு என்று எனக்குக் கண் கலங்கியது. பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து துண்டுகளை மடியில் பரப்பிக்கொண்டார்கள். அதிகாரி முன்வரிசையில் அமர்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியர். வாசலில், வேறு வேலையே இல்லாதவர் போல, கணக்கு வாத்தியார்.

சீட்டுகள் போயின, புளியங்கொட்டைகள் வந்தன. நான் கூடுதலாகக் கேட்டேன். இனி வெடிக்கும் என்று காத்திருந்தேன். ஜீப்காரன் லேசாகத் தடுமாறினான், அடுத்த சுற்றிலேயே நிமிர்ந்துவிட்டான். கேட்ட அளவு சரக்கு அழகாக நகர்ந்து வந்தது. யாருடைய முன்னாலும் குவியல் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. விதிக்கு மாறாக இன்னொரு தடவையும் கூட்டிக் கேட்டேன். அதற்கும் அசையவில்லை. நான்கு பேரும் சாமி கும்பிடுகிற முகத்தோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள் ஒரு சின்னச் சண்டைக்காவது வேண்டிக்கொண்டேன்.

நேரம் முடிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், திட்டப்படியே வேட்டியை உருவினேன். பலகையில் சிவப்பும் மஞ்சளுமாக என் தக்காளி மலை நின்றது.

"இது என்ன மலை?" என்று கேட்டார் அதிகாரி. "இங்கன அப்படி ஒண்ணும் நடக்கலையே?"

ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை இருந்தது. ஒரு கணம் அதைக் காட்டித் தப்பித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. "வழக்கமா நடக்கும் சார்" என்றேன்.

"பையன்க ரொம்பப் பிரமாதம். எல்லாம் ஒழுங்கா நடக்குது. கோளாறே இல்லாத விஷயத்துக்குத் தனியா ஒரு வகுப்பு எதுக்கு சார்?" என்று அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாசலில் கணக்கு வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதிகாரியின் ஜீப் கிளம்பிப் போனதும் பையன்கள் ஓடி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முகமெல்லாம் பூரிப்பு. "எப்படி சார்? ஒரு புளியங்கொட்டைகூடத் தேங்கல பாத்தீகளா!" என்றான் கமிஷன் கடைக்காரன். அவனுடைய அப்பாவுக்கு நிஜமாகவே கமிஷன் கடை உண்டு.

"எப்படிலே?" என்றேன்.

துண்டை என் கை மேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டு, என் விரல்களைப் பிடித்து அழுத்திக் காட்டினான். எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள், சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர் கேட்ட அளவைக் கடைக்காரன் துண்டுக்குள் ஜீப்காரனுக்குச் சொல்ல, அது விரல் விரலாக விவசாயிவரை போயிருக்கிறது. என் அப்பா காளை வாங்கியபோதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மதுரையில் படித்துவிட்டு வந்த கண்ணுக்கு அது நாடக வேஷமாகத் தெரிந்தது.

"பேசக்கூடாதுன்னு சொன்னேனேலே!"

"வாயைத்தான் திறக்கக்கூடாதுன்னீக சார். மானத்தைக் காப்பாத்தச் சொன்னீக. காப்பாத்திட்டோம்ல?"

ஒருவன் தேவை எல்லோருக்கும் தெரிந்தால் கலவரம் அடங்கிவிடும் என்பதுதான் பாடத்தின் முடிவுரை. அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் அதிகாரி முன் கம்பீரமாகச் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர்கள் அதைச் செய்தே காட்டி என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள். அமைப்பு முழுவதையும் பார்க்கச் சொல்லிக்கொடுத்த நானே, அதற்குள் நான் ஆற்றிய வீர உரைக்கு ஓர் அம்பு போட மறந்திருந்தேன். "காப்பாத்திட்டீகடா" என்றேன். வீட்டுக்கு நடக்கும்போது நிஜமாகவே அழுகை வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கணக்குக்குப் போனது. நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து தவளைப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் விடைத்தாள் கட்டோடு உள்ளே வந்தார். திடீர்த் தேர்வு வைத்தாராம். குழப்பத்தில், பகையை மறந்து என்னிடமே கேட்டார்.

"என்ன சார் அதிசயமா இருக்கு. ஒரு பய தலையைத் திருப்பல, ஒரு பய வாயைத் திறக்கல. ஆனா மொத்த வகுப்பும் ஒரே விடை எழுதியிருக்கானுக. தப்பைக்கூட எல்லாரும் ஒரே இடத்துல பண்ணியிருக்கானுக."

"பையன்க தோள்ல துண்டு இருந்துச்சா சார்?" என்று கேட்டேன்.

"ஆமா. வேர்க்குதுன்னு போட்டிருந்தானுக. ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ப் பானையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.