மெதுவாகப் பொறுக்கிய நாள்

அந்த மனிதர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அதை நான் பார்த்துவிட்டேன். வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், காய்ந்த தூளிலிருந்து குச்சியும் நாரும் பொறுக்கும் அறை அது. பத்துப் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் என் சித்தி மகள். என்னைவிட ஆறு மாதம் இளையவள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரைதான். அந்த அறையில் என் கைதான் வேகம். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவே சொல்லியிருக்கிறார்.

கடிகாரத்தோடு யார் வந்து நின்றாலும் கையை மெதுவாக்கிவிட வேண்டும். அது எங்கள் வழக்கம். வேகத்தைக் காட்டினால், ஒரு நாள் சம்பளத்துக்குப் பொறுக்க வேண்டிய றாத்தல் எடையைக் கூட்டிவிடுவார்கள். கண்ஜாடை கொடுப்பது என் பொறுப்பு. அன்றும் கொடுத்தேன். எல்லாக் கைகளும் தளர்ந்தன. தங்கச்சி மட்டும் தலை நிமிரவில்லை.

“அடியே, மெதுவா. கூட்டிப்புடுவாங்க.”

“மெதுவா பொறுக்கினா குச்சி கண்ணுல பட மாட்டேங்குதுக்கா.”

“தொரைகிட்ட நல்ல பேரு வாங்கப் பாக்குறா” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வந்தவர் வேலையை அளக்க வந்தவர் அல்ல. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர். தோட்டத்தை நடத்தும் தொரை வீட்டு விருந்தாளி. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிருமி பார்க்கும் கருவிக்குள் நாள் முழுக்கத் தேடுவதற்கு அவருக்கு ஆள் வேண்டுமாம். படித்த பிள்ளைகளுக்குக் கண் நிலைப்பதில்லையாம். டீமேக்கர் ஐயா தமிழில் சொன்னார். பிறகு டாக்டர் கை காட்டிய தங்கச்சி பக்கம் திரும்பினார்.

“ஒன்னத்தான் புள்ள. வேல கத்துத் தர்றாராம். கொழும்புக்குப் போறியா?”

“அக்காவையும் கூட்டிப் போகச் சொல்லுங்கய்யா. அக்கா என்னவிட வேகங்க.”

டாக்டர் நான் குச்சி பொறுக்கிப் போட்ட தட்டைப் பார்த்தார். பாதிகூட நிறையவில்லை. புன்னகைத்துவிட்டு நகர்ந்தார்.

மலையகத் தோட்டத் தமிழர் எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாத காலம். அரசாங்க வேலை கனவிலும் கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியேற அப்படி ஒரு கதவு திறந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை என் கையாலேயே சாத்திக்கொண்டேன். ஆனால் கோபம் அவள் மேல்தான் வந்தது. ஸ்டேஷன்வரை அவள் பெட்டியை நான்தான் சுமந்தேன். ரயில் போன பிறகு எல்லோரும் அழுதார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

தீபாவளிக்கு வந்தாள். நகக்கண்ணில் தேயிலைக் கறை போயிருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். எங்கள் வரிசை வீட்டு லயமே அவளைச் சுற்றி உட்கார்ந்தது. “எங்க வீட்டுக்காரரு ரத்தத்தையும் பாரேன், சாராயம் எத்தன போத்தல் கெடக்குன்னு” என்றாள் அடுத்த வீட்டுக்காரி. எல்லோரும் கொழும்புக் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். நான் கேட்கவில்லை. அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் சிரிப்புச் சத்தம் வந்தபோதெல்லாம் எண்ணெய்க்குள் மாவைக் கொஞ்சம் வேகமாகப் போட்டேன்.

மறுவருடம் கடிதம் வந்தது. ‘அக்கா, இங்கே இன்னொரு இடம் காலி. அன்றைக்கு நீங்கள் ஏன் மெதுவாகப் பொறுக்கினீர்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். உடனே வரச் சொல்கிறார். வேலையை நான் சொல்லித் தருகிறேன்.’

நான் சொல்லித் தருகிறேன். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அவள் தயவில் போக வேண்டும். அவள் காட்ட, நான் பார்க்க வேண்டும். அம்மா படுத்த படுக்கை, வர முடியாது என்று பதில் எழுதினேன். அம்மா அந்த நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்துக்குக் கினிகத்தேனை ஊர்ப் பெண் ஒருத்தி போனாள். தங்கச்சி மாதாமாதம் அம்மாவுக்கு டானிக் அனுப்பினாள். “எனக்கு என்ன கேடுன்னு இவ மருந்து அனுப்புறா?” என்று அம்மா கேட்டாள். சத்துக்குத்தான், குடிங்க என்றேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “பெத்த புள்ளைக்குக்கூட இப்படித் தோணல பாரு” என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

அம்மா போய் வெகுகாலம் ஆகிறது. எங்கள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. போன மாதம் தங்கச்சி வந்திருந்தாள். என் வாசலில் உட்கார்ந்து, “பெரியம்மா மட்டும் அப்ப படுக்காம இருந்திருந்தா நீங்களும் வந்திருப்பீங்கக்கா” என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.