சாவி அவர் சட்டைப் பையில்

கார் வாங்க வேண்டும் என்று முதலில் தோன்றியது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான். நான் அப்போது வெள்ளிமலைப் பள்ளியில் ஆசிரியை. வீடு கள்ளக்குறிச்சியில். காலை ஆறு மணி வண்டியை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு மேல்தான், அரை நாள் விடுப்பு போய்விடும். கச்சிராயபாளையம் வரை சந்தைக் கூட்டம், அதற்கு மேல் மூட்டைகள். உட்கார இடம் கிடைத்தால் பக்கத்தில் இருப்பவன் தூங்குவது போலச் சாய்வான். நின்றால் பின்னால் நிற்பவனுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு சாக்கு. ஊக்கு ஒன்றை விரித்துக் கையில் பிடித்தபடியேதான் ஏழு வருடம் மலை ஏறினேன்.

ரிஷிவந்தியம் பக்கம் அப்பா எனக்கென்று எழுதிவைத்த கொஞ்சம் நிலம் இருந்தது. அதை விற்று, என் சேமிப்பையும் போட்டு, காருக்குப் பதிந்தேன். வண்டி வரும்வரை சும்மா இருக்காமல், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரிடம் சங்கராபுரம் ரோட்டில் விடியற்காலையில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்சும் வாங்கினேன். எங்களுடையது கூட்டுக் குடும்பம். என் கணவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அவருடைய அண்ணன் தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு வைத்திருந்தார். அவரை நான் மாமா என்றும், அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். கார் வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் அதுதான். வரவில்லை.

வண்டியை எடுக்கப் போன அன்றே ஆரம்பித்துவிட்டது. நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"மொத மொதல்ல பொம்பள கையால எடுக்க வேணாம். நான் டிராக்டர் ஓட்டுறவன்தான, நானே எடுத்துக்கினு வரேன்."

என் கணவரைப் பார்த்தேன். "அண்ணன் சொல்றதும் சரிதான. அப்புறம் நீதான ஓட்டப் போற" என்றார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. என் நிலத்தை விற்று வாங்கிய காரில், பின் சீட்டில், பூஜைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, என் பெயர் போட்ட காகிதங்களோடு வீடு வந்து சேர்ந்தேன்.

நான் அதை மலைக்கு ஓட்டிக்கொண்டு போனது மொத்தம் பதினொரு நாள். எண்ணி வைத்திருக்கிறேன். முதல் நாள் கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கை தானாகப் போனது. கண்ணாடியை இறக்கிவிட்டு, சாமை விளைந்திருந்த சரிவுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியபோது விடுதியில் சமைக்கும் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "டிரைவர் எங்க டீச்சர்?" என்றார். நான்தான் என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. என்னை யாரும் அப்படிப் பெருமையாகப் பார்த்துச் சிரித்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை ஆணியில் சாவி இல்லை.

"ஏங்க, சாவி எங்க?"

"அண்ணன் கழனிக்கு எடுத்துக்கினு போயிருக்காரு. யூரியா ஏத்தணுமாம்."

"டிராக்டர் இருக்கே."

"அது ரிப்பேர். ஒரு நாள் பஸ்ஸுல போனா இன்னா, தேஞ்சா பூடுவ?"

அந்த ஒரு நாள் பிறகு முடியவே இல்லை. யூரியா மூட்டை, அக்காவின் பிறந்த வீட்டுக் கல்யாணம், மாமாவின் நண்பருக்குச் சிதம்பரத்தில் ஒரு வழக்கு, யாருடைய மாமியாருக்கோ கண் ஆபரேஷன். சீட்டில் வெற்றிலைக் கறை, காலடியில் உர மணிகள், கதவிடுக்கில் எவர் வீட்டுக் குழந்தையோ தின்ற முறுக்குத் தூள். சாயங்காலம் மலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவுவது மட்டும் என் வேலையாக இருந்தது. சாவி என் கணவரின் சட்டைப் பைக்குப் போய்விட்டது. மனிதருக்கு ஓட்டவே தெரியாது. ஆனாலும் யார் கேட்டாலும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் யோசிப்பது போல நின்று, பிறகு எடுத்துக் கொடுப்பார். நான் கேட்டால் மட்டும் காரணம் சொல்வார். மலை ரோட்டில் இஞ்சின் போய்விடும், பெட்ரோல் ஜாஸ்தி ஆகும், தனியாகப் போனால் ஊர் பேசும். தினமும் ஒரு காரணம். பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் அந்தப் பக்கத்து ரோடுகளை மறித்த வருடங்கள் அவை. அந்த முறை ஒரு வாரத்துக்கு மறியல் என்றார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. படித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் ரோட்டுக்கு வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. என் பிரச்சினை வேறு. அந்த வாரம் விடுதிப் பொறுப்பு என்னுடையது. ஞாயிறு வீட்டுக்கு வந்துவிட்டு மறுநாள் போய்விடலாம் என்று, அரிசி இருக்கும் அறையின் சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அன்று ராத்திரியே ரோடு அடைபட்டுவிட்டது. அறைக்கு வெளியே ஒரு நாளைக்குத்தான் அரிசி இருந்தது. மேலே நாற்பது பிள்ளைகள்.

திங்கட்கிழமை காலை கணவரிடம் விஷயத்தைச் சொல்லி, காரைக் கேட்டேன்.

"ஊரே பத்திக்கினு எரியுது, காரை எடுத்துக்கினு போறாளாம். கண்ணாடிய ஒடச்சா யார் பதில் சொல்றது? ஒனக்கு எதுனா ஆச்சுன்னா? பேசாம வூட்டுல இரு" என்றார்.

எனக்கு எதுனா ஆச்சுன்னா என்று அவர் சொன்னதால் அடங்கினேன். பயந்து சொல்கிறார், பாசத்தில் சொல்கிறார் என்று நம்பினேன். அன்று முழுவதும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் கார் உறுமும் சத்தம் கேட்டது. வெளியே ஓடினேன். மாமா ஓட்டும் இடத்தில் இருந்தார். பக்கத்தில் பட்டுப் புடவையில் அக்கா. பின்னால் அவர்கள் பிள்ளைகள், சீர்த் தட்டுகள். முன்னால் மறியல்காரர்களின் கொடி ஒன்று கட்டியிருந்தது. ரிஷிவந்தியத்தில் அக்காவின் தம்பி புது வீடு குடிபோகிறாராம்.

"ரோடு மூடியிருக்குன்னாங்களே மாமா" என்றேன்.

"நமக்குத் தொறப்பானுங்க. நம்ம பசங்கதான நிக்கிறானுங்க" என்றார் மாமா.

என் கணவர் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. கார் போனதும் உள்ளே வந்து, "அவங்க வூட்டு விசேஷம், எப்படி வேணாம்னு சொல்றது?" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தேன். அவர் தெருமுனை வரை கூப்பிட்டுக்கொண்டே வந்தார், பிறகு நின்றுவிட்டார்.

கச்சிராயபாளையம் ரோட்டில் இரண்டு இடத்தில் மரம் கிடந்தது. முதல் மரத்தின் அருகே தலையில் துண்டு கட்டிய ஒருவர் கோடரியோடு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்து எழுந்தார்.

"எங்கம்மா போறீங்க நடந்துக்கினு?"

"வெள்ளிமலை ஸ்கூலுக்குங்க. ஆஸ்டல் பசங்களுக்குச் சமைக்க அரிசி எடுக்கணும். சாவி என்கிட்ட இருக்கு."

அவர் பையை வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார். கிளைகளை விலக்கி நான் தாண்ட வழி செய்தார். "டாக்டர் வண்டி, பால் வண்டியெல்லாம் வுட்டுக்கினுதான் இருக்கோம். பசங்களுக்குச் சோறுன்னா மரத்தப் பொரட்டி வுட்டிருக்க மாட்டோமா? வண்டில வந்திருக்கலாமே, வூட்டுல வண்டி இல்லயா?"

"இல்லைங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே புரிந்தது. அங்கிருந்து கச்சிராயபாளையம் வரை அழுதுகொண்டே நடந்தேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

கச்சிராயபாளையத்தில் மலைக்குத் திரும்பும் ஜீப் ஒன்று கிடைத்தது. போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. சமையல் அம்மா ஊருக்குள் வீடு வீடாகப் போய்ச் சாமை வாங்கிக் கஞ்சி காய்ச்சி ஊற்றியிருந்தார். "பசங்க பட்டினி இல்ல டீச்சர். ஆனா சாவிய வுட்டுட்டுப் போயிருக்கலாம் நீங்க" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் பிள்ளைகளோடு தங்கிவிட்டேன்.

திரும்பி வந்தபோது வாசலில் கார் இல்லை. ரிஷிவந்தியத்திலிருந்து வரும் வழியில், தியாகதுருகத்துக்கு முன்னால் புதிதாக ஒரு மரம் விழுந்திருக்கிறது. அங்கே நின்றவர்களுக்கு மாமாவைத் தெரியவில்லை. கொடியைப் பார்த்தும் அவர்கள் வழி விடவில்லை. காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு எல்லோரும் நடந்து வந்திருக்கிறார்கள். மூன்று நாள் அங்கேயே நின்றிருக்கிறது. முன் கண்ணாடி நொறுங்கி, பேட்டரியும் போய், பட்டறையில் கிடந்தது.

"ஒன் காரு ராசியே சரியில்ல. நடந்து நடந்து எனக்குக் காலே வீங்கிப் போச்சு" என்றார் அக்கா.

என் கணவர் நான் எப்படிப் போனேன் என்று கேட்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கவில்லை. "பட்டறைக்காரன் வந்துக்கினே இருக்கான். சம்பளம் வந்துச்சா ஒனக்கு?" என்றார்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வண்டி சரியாகி வீட்டுக்கு வந்தது. சின்னசேலத்தில் ஒரு தானிய வியாபாரி முன்பே கார் கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் குளிக்கப் போன நேரத்தில் ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து சாவியை எடுத்தேன். பீரோவிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்தேன். பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க ஓட்டிக்கொண்டு போனேன்.

வியாபாரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "புதுசா இருக்கே. இன்னாம்மா கம்ப்ளைண்டு?"

"வண்டில ஒரு கம்ப்ளைண்டும் இல்லைங்க. நல்ல வண்டி."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பினேன். மாமா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செய்தி எனக்கு முன்பே வந்துவிட்டது.

"யாரக் கேட்டு வித்த?"

"யாரக் கேட்டு வாங்கினேனோ அவங்களக் கேட்டுத்தான் மாமா வித்தேன்."

அந்த வீட்டில் நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் முறை. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஊருல கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார். அவருடைய கவலை அதுவாகத்தான் இருந்தது. ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த கல்வியாண்டில் பள்ளிக் குடியிருப்பில் ஓர் அறை காலியானது. எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு மலைக்கே போய்விட்டேன். விடுமுறைக்கு மட்டும் இறங்குவேன்.

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். டீச்சருக்கு ஓட்ட வரவில்லையாம், எங்கேயோ கொண்டுபோய் இடித்துவிட்டாளாம். நிலத்தை விற்று ஆடம்பரம் செய்தால் இப்படித்தான் ஆகுமாம். இதெல்லாம் காதில் விழும்போது ரத்தம் கொதிக்கும்.

ஆனால் நேரில் யாராவது, "ஏன் டீச்சர் அவ்ளோ சீக்கிரம் வித்துட்டீங்க?" என்று கேட்டால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மலை ரோட்டுக்கு அது சரிப்படலைங்க" என்றேன். ஒருவரிடம் இல்லை, கேட்ட அத்தனை பேரிடமும். என் கணவரின் முகம் வாடக் கூடாது என்று சொன்னேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு நாள்கூடத் திணறாமல் ஏறிய வண்டி அது. அதன்மேல் பழியைப் போட்டு அந்த வீட்டைக் காப்பாற்றினேன். மாமா மேலும் கணவர் மேலும் இருந்த கோபம் வயதாக வயதாகக் கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது. இந்தப் பொய்க்காக என்மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது.