காப்பு கட்டுவதற்கு முன்னால் ஒரு பஸ்

முட்டியில் தோல் உரிந்த இடத்தில் அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசுவாள். சுர்ரென்று ஏறும் பாருங்கள் ஒரு எரிச்சல்... ஆடி மாசம் பிறந்தால் எனக்கு இன்னும் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

கம்பைநல்லூர் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூட கபடி டீமில் நான்தான் முதல் ரெய்டர். பீற்றிக்கொள்ளவில்லை, நிஜமாகவே நான்தான்!

மாவட்ட மேட்ச் தருமபுரியில். ராத்தங்கி ஆட வேண்டும். அதே வாரம் ஊர் மாரியம்மனுக்குக் காப்பு கட்டு.

பூசாரி மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டிவிட்டால், அந்த நேரம் ஊருக்குள் இருக்கிற யாரும் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மாவிளக்கு எடுக்கும் பெண்ணோ ஊர் எல்லையையே தாண்டக் கூடாது. இதுதான் எங்கள் ஊர்க் கட்டுப்பாடு.

அப்பா ஒரே போடாகப் போட்டார். "வயசுக்கு வந்த புள்ள. காப்பு கட்டுனப்புறம் வெளியூர்ல தங்குனா ஆத்தா சும்மா வுடுவாளா? கபடியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

போன வருசம் பக்கத்து வீட்டு அண்ணன் வாலிபால் ஆடப் போய் ராத்தங்கிவிட்டு வந்தானே, அப்போது ஆத்தா தூங்கிக்கொண்டிருந்தாளா? கேட்டேன். முறைத்தார். அழுகையும் ஆத்திரமுமாக நான் சோறு தின்னாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். நாலு பெரிய மனுசர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் இருந்தார்.

"பூசாரிண்ணா, காப்பு கட்டறப்ப ஊர்ல இருக்கறவங்களுக்குத்தானுங்களே கட்டுப்பாடு?"

"ஆமாம்மா."

"வெளியூர்ல இருக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்கு ஏதும்மா... அவங்க இஷ்டம்."

"அப்ப சரிங்க. எம் மவ இன்னிக்கே மொரப்பூர்ல எந் தங்கச்சி வூட்டுக்குப் போறா. திருவிழா முடிஞ்சுதான் வருவா."

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். பூசாரி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் திருநீறு பூசினார்.

பஸ் ஏறும்போது "நீயும் வாயேம்மா" என்றேன்.

"நானும் வந்துட்டா நம்ம வூட்டு மாவிளக்க யாருடி எடுக்கறது? போ, போய் செயிச்சிட்டு வா."

ஜெயித்தோம். கப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எப்படி ஆடுன? ஆடிக் காட்டு" என்றாள். வாசலில் கோடு போட்டு, கபடி கபடி என்று பாடிக்கொண்டே போனேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தவள், சட்டென்று என் கணுக்காலைப் பிடித்தாள் பாருங்கள்... களை பறித்துக் காய்த்துப்போன கை. தருமபுரியில் ஒருத்தியாலும் பிடிக்க முடியாத நான், அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் அவுட்!

நான் ஆடிய வருசமெல்லாம் இதே கதைதான். ஆடி வந்தால் எனக்கு மொரப்பூர் பஸ், அம்மாவுக்கு மாவிளக்கு. என்னை ஒவ்வொரு மேட்சுக்கும் அனுப்பியவள், ஒரு மேட்சைக்கூடப் பார்க்கவில்லை.

இன்று நான் கம்பைநல்லூரில் பி.டி. டீச்சர். போன வாரம் கோயில் கமிட்டியிலிருந்து போன். பூசாரியின் மகன்தான் பேசினார். அவர் பெண் என் டீமில் ஆடுகிறாள்.

"டீச்சர், பொண்ணுங்க மேட்ச் என்னிக்குங்க முடியுது? அதுக்கு அடுத்த செவ்வாக்கிழமை காப்பு கட்டிக்கலாம்னு பேசிட்டோம்."

இவ்வளவுதானா! ஒரு வாரம் தள்ளிவைத்தால் தீர்ந்துபோகிற விஷயமா இது? சிரிப்பாகவும் வந்தது, கோபமாகவும் வந்தது.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள். "அப்ப இந்த வருசம் நானும் வரலாம்ல?"

"வாம்மா. முன்னாடி வரிசையில சேர் போட்டுத் தரேன்."

"சேர் எதுக்குடி? கோட்டோரமா நிக்கறேன். எவளாச்சும் புடிய வுட்டான்னா நானே எறங்கிருவேன்."